உளி எல்லாப் பிள்ளைகளுக்கும்

செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்து நகரத்தார் வீடுகளின் வாசல் நிலையில் பூவேலைப்பாடுதான் எல்லோர் கண்ணையும் இழுக்கிறது. என்னை நிறுத்தியது பொருத்து. நிலைக்காலும் மேல்சட்டமும் சேருமிடத்தில், செதுக்கிய முனையான கழுந்து துளைக்குள் இறங்கி, இத்தனை எடையைத் தலைமுறைகளாகத் தாங்கி நிற்கிறது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்த காலத்து வேலை அது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும், நகரத்தார் அங்கே செய்துவந்த தொழிலால் வந்த செட்டிநாட்டின் செழிப்பு சரிந்தது. பின்னாளில் பிரிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விலைக்குப் போயின. பொருளை மதிக்கக் கற்றுக்கொண்ட நாம், அதைச் செய்த அறிவைப் பாடமாக மதிக்கவில்லை. தச்சு வேலை பள்ளிக்குள் வரவேண்டும், அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக வரவேண்டும் என்பதே என் வாதம்.

அந்த வேலைக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்பதைப் பட்டறையில்தான் பார்க்க முடியும். மூலைமட்டம் வைத்துக் கோடு கீறியாயிற்று. கோட்டின் எந்தப் பக்கம் வாள் ஓடவேண்டும்? வாள் தன் கனத்துக்கு மரத்தைத் தின்னும். அதைக் கணக்கில் எடுக்காமல் அறுத்தால் கழுந்து துளைக்குள் ஆடும். பிழையை யாரும் சிவப்பு மையால் வட்டமிட வேண்டியதில்லை. மரமே காட்டிவிடும், பிள்ளை மறுபடி அளக்கும். மழைக்காலத்தில் பலகை அகலவாட்டில் உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது, நீளவாட்டில் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவேதான் கதவுச் சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பசை போடாமல் விடுகிறார்கள். அறிவியல் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோவதை இங்கே கை அறிகிறது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி தமிழ்நாட்டு வரலாற்றிலிருந்தே வருகிறது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் ஏற்க மறுத்ததற்கும், குலத்தொழில் பிறப்பால் திணிக்கப்படும் என்ற இதே அச்சம்தான் காரணம். ஆனால் ராஜாஜி திட்டத்தின் குற்றம் உளியில் இல்லை, யார் கையில் எந்தக் கருவி என்பதைப் பிறப்பு தீர்மானித்ததில் இருந்தது. ஆசாரி வீட்டுப் பையனை மட்டும் பட்டறைக்கு அனுப்புவது குலக்கல்வி. ஆசாரி மகளும் செட்டியார் பேரனும் உழவர் பிள்ளையும் ஒரே மேசையில் இழைப்புளி பிடித்தால் அது குலக்கல்விக்கு நேர் எதிர். பின்லாந்தில் 1866-இலேயே கைவேலை பள்ளிப் பாடமானது. இன்றும் அங்கே ஆண், பெண் எல்லோரும் அதைக் கற்கிறார்கள். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாக வைத்ததுதான். நம்மிடம் அது நிலைக்காததற்கு, கைவேலைப் பள்ளி ஏழைக்கு, ஏட்டுப் பள்ளி வசதியுள்ளவனுக்கு என்ற பிரிவினையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கை வெட்டுப்படாதா என்பார்கள். மழுங்கிய உளிதான் அதிக ஆபத்து, வலிந்து தள்ளும்போது அது வழுக்கும். கூர் தீட்டிய கருவி, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான், உளியின் வாய்க்கு முன்னால் கை வைக்காத பழக்கம், சிறு குழு — இவை இருந்தால் போதும். கணினி இயந்திரமே பூவேலை செதுக்கும் காலத்தில் இது எதற்கு என்றும் கேட்பார்கள். நாம் தச்சர்களை உருவாக்கப் போவதில்லையே. கணக்குப் படிக்கிற எல்லோரும் கணக்காளராவதில்லை. வாரத்துக்கு இரண்டு பாடவேளையும், ஆசிரியருக்கு நிகரான ஊதியத்தோடும் மரியாதையோடும் நியமிக்கப்படும் ஓர் ஆசாரியும் இருந்தால் தொடங்கிவிடலாம். அந்த மரியாதையை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் வாங்கிப் போட்டால், வேலை கீழானது என்ற பழைய பாடத்தைத்தான் பிள்ளைகள் மறுபடி கற்பார்கள்.