சுவர்கள் காத்த கல்வி

நம்மூர் ஜமாஅத்தின் பழைய மதரஸாக் கட்டடத்தை இனி என்ன செய்வது என்னும் வினா அண்மையில் எழுந்தது. பிள்ளைகள் புதிய கட்டடத்திற்குச் சென்றுவிட்டனர். இடித்துக் கடைகள் கட்டலாம் என்றனர் சிலர். திருமண மண்டபமாக்கலாம் என்றனர் வேறு சிலர். ஆலோசனைக் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். அவ்வேளையில் நம் நெஞ்சில் வந்து நின்றது, கடல் கடந்த இத்தாலி நாட்டில், பொலோனா நகரத்துக் கல்விக்கூடம் ஒன்றின் வரலாறு.

பொலோனாப் பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கணக்கிடுவது மரபு. ஆயினும், நாலரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அதற்கென ஒரு பொதுக் கட்டடம் இருந்ததில்லை. ஆசிரியர் இல்லங்களிலும் வாடகைக் கூடங்களிலும் பாடம் நடந்தது. பள்ளிவாசல் தூணருகே உஸ்தாதைச் சுற்றியமர்ந்து ஓதிய வழிவந்த நமக்கு இது வியப்பளிப்பதன்று. சிதறிக்கிடந்த சட்டக் கல்வியையும், தத்துவம், கணிதம், மருத்துவம் முதலிய கலைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொணரவே, போப் நான்காம் பயஸின் காலத்தில், 1562-63இல் ஆர்க்கிஜின்னாஸியோ எழுந்தது. கட்டியவர் அந்தோனியோ மொராண்டி. அங்கு ஓதிய மாணவர்களின் குலச்சின்னங்கள், பெயர்களோடு, ஏறத்தாழ 6,000 அதன் சுவர்களில் இன்றும் விளங்குகின்றன.

1637இல் அதனுள் உடற்கூறு கற்பிக்கும் மன்றம் ஒன்று மரத்தால் அமைந்தது. நடுவே சலவைக்கல் மேசை. சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். ஹிப்போகிரட்டீஸ், காலன் முதலாகப் பன்னிரு மருத்துவர்களின் மரச்சிலைகள் அங்கு உள்ளன. அறுபட்ட மூக்கைச் சீர்செய்த தாலியகோஸி, கையில் மூக்கொன்றை ஏந்தி நிற்கிறார். அப்பன்னிருவருள் நம் இப்னு ஸீனா இல்லை. சிலை வைப்பது நம் வழக்கமன்று; ஆதலின் வருத்தமுமில்லை. ஆனால், அவருடைய நூல் அவ்வளாகத்தில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு லத்தீனில் பெயர்த்த 'அல்கானூன்', பொலோனாவின் மருத்துவ மாணவர் நெடுங்காலம் ஓதிய பாடநூல். மரத்தில் செதுக்கிய உருவினும், மாணவன் நாவில் ஏறிய பாடமே ஆசிரியனுக்கு நிலைத்த நினைவு.

1803இல் பல்கலைக்கழகம் அக்கட்டடத்தை விட்டுப் போஜ்ஜி மாளிகைக்குச் சென்றது. பேராசிரியர்கள் வாதிட்ட கூடங்களில் பின்னர்ச் சிறுவர்கள் எழுத்துப் பயின்றனர். நெப்போலியன் காலத்தில் கலைக்கப்பட்ட துறவு மடங்களின் நூல்களைக் கொண்டு 1801இல் தொடங்கப்பெற்ற நகர நூலகம், 1838இல் அங்குக் குடியேறியது. 1842இல் ரோஸ்ஸினியின் இசைப்படைப்பொன்று பழைய சட்டக் கூடத்தில் அரங்கேற, அக்கூடத்திற்கு அப்படைப்பின் பெயரே நிலைத்தது. 1944 ஜனவரி 29 அன்று போர் விமானங்களின் குண்டு வீழ்ந்து உடற்கூறு மன்றம் தகர்ந்தது. ஊரார் இடிபாடுகளிலிருந்து சிலைகளையும் மரத்துண்டுகளையும் பொறுக்கியெடுத்து, போருக்குப் பின் அவற்றைக் கொண்டே அதனை மீண்டும் அமைத்தனர். நூலகம் இன்றும் அங்கேதான் உள்ளது.

இதற்கு மாறான கதையும் நம்மிடம் உண்டு. அப்பாஸியக் கலீஃபா அல்முஸ்தன்ஸிர் 13ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் நிறுவிய முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளும் ஒருங்கே ஓதப்பட்டன. 1258இல் மங்கோலியர் ஊரை அழித்தபோதும் அக்கட்டடம் தப்பியது. ஆனால், உஸ்மானியர் காலத்தில் அது சுங்கச் சாவடியாக இருந்தது. கற்கள் எஞ்சின, கிதாபுகள் எஞ்சவில்லை. 1945க்குப் பின்னரே தொல்பொருள் துறையினர் அதனைச் செப்பனிடத் தொடங்கினர்.

கட்டடத்தின் பயன் மாறுவது குற்றமன்று. பொலோனாவிலும் மாறிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் அங்கு எது காக்கப்பட்டது என்பதே கேள்வி. அக்கேள்வியை நம்மை நோக்கிக் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம். புதுக்கட்டடத்திற்குக் குடிபெயர்ந்த நாளில், பழைய கிதாபுகளைச் சாக்கில் கட்டி மாடிப்படியின்கீழ் வைத்தனர். பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வாளாவிருந்தவர்களுள் நாமும் ஒருவர். நம் உஸ்தாது ஓரங்களில் தம் கையாலெழுதிய குறிப்புகளும், அரபுத்தமிழ் ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஆண்டுகள் சில கழித்து அவிழ்த்தபோது, கறையான் உண்டது போக எஞ்சியது பாதிக்கும் குறைவே. அந்த எழுத்தை இனி எவர் எழுதுவார்?

இதனைக் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னோம். கீழ்த்தளத்தைக் கடைகளாக்கி வாடகை பெறுங்கள்; மேல்தளத்தை நூலகமாக்கி, அவ்வாடகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள் என்று வேண்டினோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. மேல்தளத்தின் சாவி மட்டும் அன்றே நம் கைக்கு வந்தது.

இப்போது அஸருக்குப் பின் நாள்தோறும் மாணவர் இருவருடன் அங்குச் சென்று ஏடுகளைத் துடைத்து அடுக்கி வருகிறோம். ஓதுவதையே முதற் கட்டளையாகப் பெற்ற சமுதாயம் நாம். வாசகர்களே, உங்கள் ஊர் மதரஸாவின் மாடிப்படியின்கீழும் ஒருமுறை குனிந்து பாருங்கள். எஞ்சியதையேனும் காக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.