முகத்தில் படர்ந்த கருமை

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் என் கன்னங்களில் கருமை படரத் தொடங்கியது. விசுவமடுவில் மீளக் குடியேறி, கச்சான் தோட்டத்தில் நாள் முழுதும் வெயிலில் நின்ற காலம் அது. மகள் பிறந்த பின்பும் மறையவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால், "என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கறுத்துப் போச்சு?" என்பதே முதல் விசாரிப்பு. நாளடைவில் நான் விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

யாரோ சொன்னதைக் கேட்டு, தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பூசிய இடம் எரிந்து முன்னிலும் கறுத்தது. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு கடையொன்றில் சிறிய கிறீம் டப்பி ஒன்று வாங்கினேன். எங்கே செய்தது, என்ன சேர்த்தது என்று அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு கிழமையில் முகம் வெளுத்தது, எல்லோரும் புகழ்ந்தார்கள். நான்கு மாதத்தில் தோல் மெலிந்து சிவந்து, அடுப்படியில் நிற்க முடியாதபடி எரிந்தது.

தோல் கிளினிக்கில் டொக்டர் அம்மா டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. இப்படியான கிறீம்களில் ஸ்டீரொய்ட்டோ பாதரசமோ இருக்கலாமாம். ஸ்டீரொய்ட் தோலை மெலியச் செய்யும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்ப்பால் வழியே பிள்ளைக்கும் போகும். சோதனையில் குறையில்லை என்று வந்த பிறகே எனக்கு நித்திரை வந்தது.

2013 இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பூச்சுகளில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தியது. 2025 க்குப் பின் அறவே கூடாது என்று 2023 இல் நாடுகள் முடிவெடுத்தன. ஆனாலும் களவாக வரும் சரக்கைக் கண்டுகொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

சகோதரிகளே, தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். வெயிலிலிருந்து தோலைக் காக்கவே அது கூடுதலாகச் சுரக்கிறது. கர்ப்பகாலத்து ஓமோன் மாற்றமும், சிலருக்குக் கருத்தடை மாத்திரையும் அதைக் கூட்டும். அது அழுக்கல்ல, தேய்த்துக் கழுவினால் போகாது. அகன்ற தொப்பி, குடை, உச்சி வெயிலைத் தவிர்த்தல், வசதியிருந்தால் எஸ்.பி.எஃப். 30 க்குக் குறையாத வெயில் தடுப்புக் கிறீம்: இவையே முதல் வைத்தியம். பூச்சு மருந்தை டொக்டர் சொன்னபடி மட்டும் பாவிக்க வேண்டும். கர்ப்பமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய மாதக்கணக்காகும். உணர்ச்சியில்லாத வெளிறிய படை கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு இலவச மருந்து உண்டு, முற்றாகக் குணமாகும்.

என் கன்னத்தில் இன்னும் மெல்லிய நிழல் உண்டு. அதோடுதான் இப்போது கலியாண வீடுகளுக்குப் போகிறேன். அன்று பால் குடித்த மகளுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் தனக்கும் வெள்ளையாக்கும் கிறீம் வேண்டுமென்றாள். அவளை மடியில் இருத்தி, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன்.