நசரத்பேட்டைக்கு ஒரு டைம் மெஷின்

"லீவு நாள்ல எங்கே சார் போனீங்க?" என்று ஆபீஸில் கேட்டார்கள். "நசரத்பேட்டை" என்றேன். "அடடா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் வருகிற இந்த ஊரை முக்கால்வாசிப் பேர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வெளிவட்டச் சாலை குறுக்கே போகிறது. இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. ராத்திரி பகலாக கன்டெய்னர் லாரிகள். என் நண்பன் இங்கே ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். கடன் எந்த வருஷம் முடிகிறது என்று கேட்டேன். அவன் சொன்ன வருஷம் சயின்ஸ் ஃபிக்ஷன் கதையில்தான் வரும்!

அவன் பையனுக்கு ஒன்பது வயசு. டி.வி.யில் டோரேமான் ஓடிக்கொண்டிருந்தது. 1969 டிசம்பரில் ஜப்பானியப் பத்திரிகைகளில் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ வரைய ஆரம்பித்த காமிக்ஸ். அந்த ஊரில் காமிக்ஸுக்கு 'மாங்கா' என்று பேர். (பையன் சொன்னதும் எனக்கு உப்பும் மிளகாய்த்தூளும்தான் ஞாபகத்துக்கு வந்தன.) அதில் டைம் மெஷின் எங்கே இருக்கிறது தெரியுமோ? நோபிதா என்கிற மக்குப் பையனின் மேஜை டிராயருக்குள். என் ஆபீஸ் மேஜைக்கும் டிராயர் உண்டு. திறந்தால் துருப்பிடித்த ஸ்டேப்ளர்தான் வருகிறது.

பையன் எனக்கு ஒரு கதை சொன்னான். 'நோபிதாவின் டைனோசர்'. 1980-ல் சினிமாவாகவும் வந்தது. முழு டைனோசரையே தோண்டி எடுக்கிறேன், இல்லாவிட்டால் மூக்கால் ஸ்பகெட்டி சாப்பிடுகிறேன் என்று சபதம் போடுகிறான் நோபிதா. நம்மூர் என்றால் பாதி மீசை. தோண்டினால் நிஜமாகவே முட்டை! டோரேமானின் மாயத் துணியைப் போர்த்தியதும் கல் முட்டை பச்சை முட்டையாகிக் குஞ்சு பொரிக்கிறது. பீசுகே என்று பெயர் வைத்து வளர்க்கிறான். அது வளர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் இடமில்லை. தண்ணீரில் ஒளித்துவைத்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் டிராயர் வழியாகப் பத்து கோடி வருஷம் பின்னால் கொண்டுபோய் விடுகிறார்கள்.

சாயங்காலம் மூன்று பேரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். நசரத்பேட்டைக்காரர்களின் மெரினா அது.

"அங்கிள், பீசுகேயை இதுல விடலாமா?"

கணக்குப் போட்டேன். ஏரியின் முழு ஆழம் 24 அடி. பீசுகே இனத்தின் நீளம் சுமார் 7 மீட்டர். ஏரி நிரம்பியிருந்தால் அது செங்குத்தாக நின்றாலும் மூக்கு வெளியே தெரியாது. ஷட்டரைத் திறந்தால் அடையாறு வழியாக நேரே வங்காள விரிகுடா, டிக்கெட் செலவில்லை. (2015 டிசம்பரில் அந்த ஆற்றங்கரைக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்து இதை வெளியே சொல்லவில்லை.)

"நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா?" என்றான் அடுத்து.

கிட்டத்தட்ட. அதே ரோட்டில் மேற்கே 20 கிலோமீட்டர் போவதற்குள் ஸ்ரீபெரும்புதூர். நமக்கு அது ராமானுஜர் அவதரித்த தலம், ராஜீவ் நினைவிடம், கார் தொழிற்சாலை. நிலவியல்காரர்களுக்கோ அந்த வட்டாரம் பத்து கோடி வருஷத்துக்கும் பழைய களிப்பாறை. பாறைக்குள் இலைகளின் அச்சு, கூடவே கடல் வாழ் அம்மோனைட்டுகள். கன்டெய்னர் லாரி திரும்புகிற இடத்தில் ஒரு காலத்தில் அலை அடித்திருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் இந்தப் பாறைகளையும் விடவில்லை.

நிஜ ராட்சசன் வேண்டுமானால் அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்கிற இரண்டு நிலவியலாளர்கள் ஒரு மிருகத்தை அறிவித்தார்கள். பெயர் ப்ருஹத்காயோசாரஸ். பேருடல் பல்லி. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! முதலில் மாமிசபட்சிணி என்றார்கள். அப்புறம் வந்தவர்கள் பார்த்துவிட்டு சுத்த சைவம் என்றார்கள். எடை 100 டன்னைத் தாண்டும் என்று 2023-ல் வெளிநாட்டுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். ரெண்டு மூணு கன்டெய்னர் லாரி, சரக்கோடு.

எலும்பைப் பார்க்கலாமா என்றால், முடியாது. நம் மழையிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிர்ந்துபோய்விட்டது. மிச்சம் சில படங்கள்தான். உலகத்தில் நடந்ததிலேயே பெரிய பிராணியாக இருந்திருக்கலாம். நிரூபிக்க சாட்சி இல்லை. பி.காம். பாஷையில் சொன்னால், அசையாச் சொத்து, தேய்மானம் நூறு சதவீதம்.

பீசுகேக்கும் ஒரு நிஜ எலும்புக்கூடு உண்டு. 1968-ல் ஜப்பானில் இவாகி என்ற ஊர் ஆற்றங்கரையில் சுசுகி என்கிற ஹைஸ்கூல் மாணவர் கண்டுபிடித்தார். கறாராகச் சொன்னால் அது டைனோசர் இல்லை, கடலில் நீந்திய ஊர்வன. ஃபுடாபாசாரஸ் என்று முறைப்படி பெயர் வைக்க 2006 ஆகிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம்! அங்கேயும் ஃபைல் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது. ஆனால் அத்தனை வருஷமும் எலும்பு பத்திரமாக இருந்தது. கண்டுபிடித்த பையனின் பெயரும் அதற்கே வைத்த பெயரில் 'சுசுகியை' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நண்பனின் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அந்த எலும்பு மேல ஒரு ஷெட் போட்டிருக்கலாம்ல?" என்றான் அப்புறம். பதில் சொல்லத் தெரியாமல் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

அரியலூர் பக்கம் வாரணவாசியில் அரசாங்கம் புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. வீடு திரும்பியதும் அதைச் சொல்லித் தொலைத்தேன். பையன் உடனே ஸ்கூல் பையைக் காலி பண்ண ஆரம்பித்துவிட்டான். "இன்னிக்கு இல்லடா, லீவு வரட்டும்" என்று நண்பன் அதட்டினான்.

"மழைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிடுங்க அண்ணா" என்றார் நண்பனின் மனைவி.