கொம்பு முன்னாடிதானே இருக்கும்

என் அருமைச் சிநேகிதிக்கு,

ஏட்டி, உன் தம்பி கையில் நீ கொடுத்துவிட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டும் புளியங்கொட்டைப் பொட்டலமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அப்பளத்தில் பாதி அன்றைக்கு ராத்திரியே காலி, இவருக்குக் குழம்பு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை, அப்பளம் இருந்தால் போதும். புளியங்கொட்டையைப் பார்த்துவிட்டுத்தான் "பட்டணத்துக்கு வந்து இதைப் போய் ஊர்லேருந்து வரவழைக்கிறாளே"ன்னு தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும், நான் இங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று!

சிரிக்காதே. மாணவி ஒருத்திதான், என் மகள், மூணே முக்கால் வயசு. இந்த வருஷம் ப்ரீகேஜியில் சேர்க்கலாமென்று பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டோம். வருஷத்துக்கு 68,000 ரூபாயாம், யூனிஃபார்மும் வேனும் தனியாம். இவருடைய ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேலே வருகிறது. பதில் பேசாமல் எழுந்து வந்துவிட்டோம், வாசலில் இருந்த சறுக்குமரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அவள் அழுத அழுகைதான் இன்னும் காதில் இருக்கிறது. மேல் மாடி அக்கா வேறு, மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் "பாப்பா எந்த ஸ்கூல்?" என்று கேட்பாள். நான் "வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம்னு இருக்கோம்" என்று ஏதோ பெரிய கொள்கை மாதிரிச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிடுவேன். கொள்கை என்ன கொள்கை, காசில்லை, அவ்வளவுதான். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்?

முதல் வாரம் நான் அடித்த கூத்தைக் கேள். காலண்டர் அட்டையின் பின்பக்கம் டைம்டேபிள் போட்டேன், பத்து மணிக்குத் தமிழ், பத்தரைக்குக் கணக்கு என்று. தை பிறப்பதற்குள் 247 எழுத்தையும் முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். அவள் ஸ்லேட்டில் 'அ' போட்டாள், சுழி பெரிதாகிப் பெரிதாகி யானையாகிவிட்டது, யானைக்குத் துதிக்கை போட்டாள். நான் அழித்தேன். மறுபடி யானை, மறுபடி அழிப்பு. மூணாவது நாள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னிடமே கேட்டாள், "அம்மா, ஸ்கூல் எப்ப விடுவாங்க?"

அட்டையைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மாண்டிசோரி சாமான்கள் விலையைப் பார்த்தேன். ஒரு மரப்பெட்டி மூவாயிரத்துச் சொச்சம். வயிறு எரிந்ததில், யார் இந்தம்மா என்று தேடிப் படித்தேன். மரியா மாண்டிசோரி முதன்முதலில் 1907-இல் ரோமாபுரியில் ஆரம்பித்தது, சான் லோரென்சோ என்கிற ஏழைக் குடியிருப்பில், அப்பா அம்மா வேலைக்குப் போய்விட நாளெல்லாம் மாடிப்படிகளில் ஓடித் திரிந்த பிள்ளைகளுக்காம்! அது மட்டுமா, 1939-இல் நம்ம அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்குப் பாடம் நடத்த வந்தவர், யுத்தத்தில் மாட்டிக்கொண்டு 1946 வரை இந்தியாவிலேயே இருந்திருக்கிறார். நான் தினம் காய் வாங்கப் போகிற வழி அது. கூலிக்காரப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கினது எப்படி மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வந்து நின்றது என்று அந்த மதிலைக் கடக்கும்போதெல்லாம் கேட்கத் தோன்றும், கையில் கீரைக்கட்டோடு யாரைக் கேட்க?

அவர் சொன்னதில் ஒன்று மனசில் நின்றது. சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவினால் கை முதலில் பழகுமாம், கண் பிறகு வருமாம். நம் ஆச்சி மணலில் விரலை வைத்து எழுதினேன் என்று சொன்னதும் இதுதானே! ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ரெண்டு வாங்கினேன், எழுத்துகளாக வெட்டிப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினேன். உப்புத்தாள் 40, பசை 20, சாக்பீஸ் 30, ஆக 90 ரூபாய். (உன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்தான் 'ப' இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.)

புளியங்கொட்டைக்கு வருகிறேன். மளிகைக் கடையில் முப்பது முட்டை வைக்கிற அட்டையை ஓசியில் கேட்டு வாங்கி, ரெண்டு வரிசை வெட்டி எடுத்தேன், பன்னிரண்டு குழி. மீதி ரெண்டுக்கு இந்தக் கடைசியில் ஒரு சிரட்டை, அந்தக் கடைசியில் ஒரு சிரட்டை. பல்லாங்குழி தயார்! குழிக்கு அஞ்சாக எழுபது கொட்டை. 'ஒண்ணு, ரெண்டு' சொல்லு என்றால் வாயைத் திறக்காதவள், இப்போது குழி குழியாகப் போட்டுக்கொண்டே தானாக எண்ணுகிறாள். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசூ!" என்று கத்தி அள்ளுகிறாள். நாலு என்றால் என்ன என்று நான் சொல்லித்தரவே இல்லை, பசு சொல்லித்தந்தது. கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அது ஒன்றுதான் பயம்.

ஆனால் காசு மிச்சமானதே தவிர, பொழுது எங்கே போகிறதென்று தெரியவில்லை. அவள் வெண்டைக்காயைப் பெரிது சிறிது என்று அடுக்கி முடித்த பிறகு, சாம்பார் பதினொன்றரைக்குத்தான் கொதிக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி வந்து போனதுகூடத் தெரியாமல் கணக்குப் பாடம் நடந்தது, ராத்திரி ரெண்டு குடத்தோடு மேல் மாடி அக்கா வாசலில் போய் நின்றேன். சில நாள் பொறுமை போய்க் கத்திவிடுவேன், அப்புறம் அவள் தூங்கும்போது தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீயும் அப்படித்தானே?

எங்களுடைய பெரிய வகுப்பு எது தெரியுமா? பஸ்தான். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அவளுக்கும் அஞ்சு வயசாகவில்லை, காசில்லாமல் போய் வருகிறோம். 2, 9 எல்லாம் அவளுக்கு 29சி கொடுத்த எண்கள். அன்றைக்கு நிறுத்தத்தில் நிற்கும்போது போர்டைக் காட்டிக் கேட்டாள், "ப தெரியுது, அதுக்கு முன்னாடி சுருட்டிக்கிட்டு நிக்குதே, அது என்ன?" பெசன்ட் நகர் என்று எழுதியிருந்தது. "அது கொம்பு, அது நின்னா 'பெ'ன்னு படிக்கணும்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே குழப்பம். வாயில் 'ப்' முதலில் வருகிறது, எழுத்தில் கொம்பு முதலில் நிற்கிறது, இதை இந்த வயசுக்கு எப்படி விளக்குவது என்று முழித்தேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பசுவுக்குக் கொம்பு முன்னாடிதானே இருக்கும்!"

ஏட்டி, முப்பது வருஷமாகத் தமிழ் எழுதுகிறேன், எனக்குத் தோன்றியிருக்கிறதா?

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ அங்கன்வாடி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, "பி.எஸ்ஸி. படிச்சுட்டுப் பால்வாடிக்கா?" என்று சிரித்தேனே, நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஒருத்தியை வைத்துக்கொண்டே மத்தியானம் மூணு மணிக்கு நான் சுருண்டு விழுகிறேன், நீ இருபது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லி, சத்துமாவு கொடுத்து, முட்டை உரித்து, எடை பார்த்து, ரிஜிஸ்டரும் எழுதுகிறாய். எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஓர் அங்கன்வாடி இருக்கிறது. அன்றைக்கு அதைத் தாண்டித்தான் அந்த 68,000 ரூபாய்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறேன். மேல் மாடி அக்கா என்ன நினைப்பாளோ என்பதுதான் காரணம், வேறென்ன?

நேற்று இவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இவள் என் கையை உதறிவிட்டுப் போய் நடுவில் உட்கார்ந்து, "உங்ககிட்ட புளியங்கொட்டை இருக்கா?" என்று கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அனுப்பலாமென்று இருக்கிறேன், சாயங்காலம் பல்லாங்குழியும் பஸ்ஸும் எங்களுக்கு எப்போதும் போல. முதல் நாள் அழுதால் நான் வாசலில் நிற்கலாமா, இல்லை திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டுமா? நீதான் சொல்ல வேண்டும், டீச்சரம்மா. உடனே எழுது.

அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்லு.

உன்,
பழைய வாயாடி

பி.கு.: கீழே இருக்கிற கிறுக்கல் அவளுடையது. 'ப'வுக்கு முன்னாடி மூணு கொம்பு போட்டிருக்கிறாள். இந்த முறை நான் அழிக்கவில்லை.