நீல அஞ்சல்தலையும் வாரிசுப் பங்கும்



வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிளை மத்ரஸாவில் 15 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கரும்பலகையில் அதைக் கற்பிப்பது எளிது. இறந்தவர் விட்டுச் சென்றது 24,000 ரூபாய் என்று எழுதிவிட்டால், எஞ்சியது வெறும் கணக்குத்தான். விட்டுச் சென்ற பொருளின் விலை என்னவென்றே வீட்டில் ஒருவருக்கும் தெரியாதபோது என்ன செய்வது? சென்ற ஆண்டு என் தாய்மாமா வஃபாத்தான பிறகு, இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்திற்கே வந்தது.

மாமா சரக்குக் கப்பல்களில் பணியாற்றியவர். நியூயார்க்கிலும் பால்டிமோரிலும் கப்பல் சரக்கு இறக்கிக் காத்திருக்கும் நாட்களில், பழைய அஞ்சல்தலை விற்கும் கடைகளைத் தேடிச் செல்வார். 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க அஞ்சல்தலைகளை மட்டுமே அவர் சேர்த்தார். தடித்த அட்டையிட்ட ஒரே புத்தகம். சிறுவர்களாகிய நாங்கள் அதைத் தொடக் கூடாது. விரல் ஈரம் பட்டால் தாள் கெட்டுவிடும் என்று கூறி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்.

அவருக்கு வாரிசுகள் மாமியும், இரு மகள்களும், ஒரே உடன்பிறப்பான என் உம்மாவும். 24 பங்குகளில் மாமிக்கு 3, மகள்கள் இருவருக்கும் சேர்த்து 16, எஞ்சிய 5 உம்மாவுக்கு. வீடும் வங்கிச் சேமிப்பும் கணக்கில் வந்தன. புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாமி, “தம்பி, இது என்னிடமே இருக்கட்டும். இதன் கிரயத்தை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார். அனைவரும் சம்மதித்தனர்.

மறுநாள் மூத்த மகளின் கணவர் கைப்பேசியோடு வந்தார். “மச்சான், இதைப் பாருங்கள்” என்று ஒரு செய்தியைக் காட்டினார். நீல நிறம், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் முகம், 1 சென்ட். 2024 ஜூன் மாதம் நியூயார்க் ஏலத்தில் அந்த ஒரு தலை ஏறத்தாழ 44 இலட்சம் டாலருக்கு விற்றிருந்தது. அன்றைய மதிப்பில் 36 கோடி ரூபாய். மாமாவின் புத்தகத்தைத் திறந்தோம். அதே ஃபிராங்க்ளின், அதே நீலம், அதே 1 சென்ட் அங்கே இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அது உண்மையானால் புத்தகம் மாமியின் பங்கில் அடங்காது. அவர் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். உண்மையல்லாத ஒன்றை உண்மையென்று நாங்கள் நம்பிவிட்டாலோ, ஒரு விதவையின் ரொக்கப் பங்கு காகிதத் துண்டுகளுக்காகக் கரைந்துவிடும். மதிப்பைக் குறைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு நஷ்டம். கூட்டிச் சொன்னால் என் உம்மாவுக்கு இலாபம். கணக்குப் போடுபவனோ அந்த உம்மாவின் மகன். ஆகவே நான் மட்டும் மதிப்பிடுவது தகாது என்று கூறிவிட்டு, சென்னையில் நீண்ட காலமாக அஞ்சல்தலை சேகரித்து வரும் முதியவர் ஒருவரை நாடினேன். நானும் சில மாதங்கள் அத்துறை நூல்களைப் படித்தேன்.

முதலில் அந்த நீலத் தலையின் செய்தி. 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தென் மாநிலங்களில் தேங்கிக் கிடந்த தலைகள் பணமாக மாறிவிடக் கூடாது என்று அமெரிக்க அரசு பழைய தலைகளைச் செல்லாதவையாக்கிப் புதியவற்றை வெளியிட்டது. நீல ஃபிராங்க்ளின் அவற்றுள் ஒன்று. அது கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டது. பின்னர், பயன்படுத்திய தலையின் முத்திரை மையைக் கழுவிவிட்டு மீண்டும் ஒட்டும் மோசடி அரசைக் கவலையில் ஆழ்த்தியது. சார்லஸ் ஸ்டீல் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். தாளில் சிறு சிறு கூர்முனைகளின் வரிசையை அழுத்திப் பதித்தால் தாளின் நார் உடையும், முத்திரை மை உள்ளே ஊறும், கழுவினாலும் போகாது. இந்தப் பதிவுக்குக் கிரில் என்று பெயர். 1867 முதல் சில ஆண்டுகள் இது நடைமுறையில் இருந்தது.

பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கிரில்களை அளவு வாரியாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டனர். அவற்றுள் இசட் கிரில் என்பது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் அகலமும் 14 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. மற்றவற்றில் கூர்முனையின் உச்சி நெடுக்காக இருக்கும், இதிலோ கிடையாக இருக்கும். அந்தக் கிரில் பதிந்த 1 சென்ட் ஃபிராங்க்ளின் உலகில் இரண்டே அறியப்பட்டுள்ளன. ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தமானது. மற்றொன்றுதான் ஏலத்தில் விற்றது. முகத்தில் பார்த்தால் சாதாரணத் தலைக்கும் அதற்கும் வேறுபாடு புலப்படாது. 36 கோடியும் முதுகில் உள்ள அழுத்தத்தில் இருக்கிறது.

பெரியவர் மாமாவின் தலையைக் குப்புறக் கறுப்புத் தட்டில் வைத்து, சாய்வாக ஒளியைப் பாய்ச்சினார். முதுகு வழவழப்பாக இருந்தது. கிரிலே இல்லை. “இது சில பத்து டாலர் பெறும். உங்கள் மாமாவும் அதை அறிந்துதான் வாங்கியிருப்பார்” என்றார். சாதாரணத் தலையில் போலிக் கிரிலைப் பதித்து விற்போரும் உண்டு என்றும், அதனால்தான் பெருவிலைத் தலைகளை நியூயார்க்கில் உள்ள ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற நிபுணர் அமைப்புகளின் சான்றிதழ் இன்றி எவரும் வாங்குவதில்லை என்றும் விளக்கினார்.

பழமை வேறு, அருமை வேறு என்பது அடுத்த பாடம். 1893-இல் கொலம்பஸ் நினைவாக 1 சென்ட் முதல் 5 டாலர் வரை 16 தலைகள் வெளியாயின. அவற்றில் 2 சென்ட் தலை மட்டும் 140 கோடிக்கு மேல் அச்சிடப்பட்டது. நூற்றாண்டு கடந்தும் முத்திரையிட்ட பிரதி ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதே வரிசையின் 5 டாலர் தலையோ, அக்காலத்தில் வாங்குவோர் குறைவாக இருந்ததால் இன்று பெருவிலை பெறுகிறது. மாமாவிடம் 2 சென்ட் 11 இருந்தன. 5 டாலர் இல்லை. 1861-இன் ரோஜா நிற 3 சென்ட் தலை ஒரு பக்கம் முழுவதும் இருந்தது. அதுவும் ஓரிரு டாலர்தான்.

விலைப்பட்டியலும் அப்படியே சந்தை விலை அன்று. ஸ்காட் பட்டியலில் காணும் தொகை, படம் நடுவில் அமைந்து, துளை ஓரங்கள் சிதையாமல், தாள் குறையின்றி இருக்கும் பிரதிக்குரிய சில்லறை விலை. ஹிஞ்ச் எனப்படும் சிறு ஒட்டுத்தாளைப் பிய்த்தபோது முதுகு மெலிந்திருந்தால், மூலை மடிந்திருந்தால், விலை வெகுவாக இறங்கும். விற்கச் செல்பவருக்கு வணிகர் தருவது அதனினும் குறைவு. பட்டியலைக் கூட்டிப் பங்கு பிரித்திருந்தால், மாமி இல்லாத செல்வத்துக்கு விலை கொடுத்தவராகியிருப்பார்.

இறுதியாக ஒரு தலை எஞ்சியது. கறுப்பு நிறம், ஜார்ஜ் வாஷிங்டனின் முகம், 10 சென்ட். 1847 ஜூலை 1 அன்று அமெரிக்கா நாடு முழுவதற்கும் வெளியிட்ட முதல் இரு தலைகளுள் அது ஒன்று. 300 மைலுக்கு மேல் செல்லும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு உரியது. துளையிடும் முறை அங்கு வராத காலம் ஆதலால் கத்தரியால் வெட்டி ஒட்டினார்கள். மாமாவின் பிரதியில் நான்கு புறமும் ஓரம் இருந்தது, முத்திரை ஏதும் இல்லை. பயன்படுத்தப்படாத பிரதி என்றால் பல ஆயிரம் டாலர். பெரியவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் அதன் கீழே பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரிகளைக் கவனித்தேன். அரபு எழுத்து, ஆனால் தமிழ். மாமா கற்ற அரபுத்தமிழ். புத்தகத்தைப் பார்த்த மற்றவர்கள் அதை ஏதோ ஓதல் என்று எண்ணியிருந்தனர். எழுத்துக் கூட்டி வாசித்தேன்: “பேனாக் கோடு அழிக்கப்பட்டது. விற்றால் சொல்லி விற்க வேண்டும்.”

அக்காலத்தில் பல அஞ்சலகங்களில் தலையைச் செல்லாததாக்கப் பேனாவால் கோடிழுப்பது வழக்கம். அந்த மையை இரசாயனத்தால் நீக்கிவிட்டுப் புதியதாகக் காட்டுவது பழைய தந்திரம். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை வாங்கி வந்து காட்டினோம். வாஷிங்டனின் முகத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. பல ஆயிரம் சில நூறாகியது.

விற்கும் பொருளில் உள்ள குறையை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை மாணவர்களுக்குப் போதித்திருப்பேன்! கேட்பார் இல்லாத ஒரு கப்பல் அறையில், என்றோ ஒரு நாள் யாரோ விற்கக்கூடும் என்று எண்ணி, முன்பின் அறியாத அந்த வாங்குபவருக்காக மாமா அதை எழுதி வைத்திருக்கிறார். விற்க வேண்டிய தேவை வரவில்லை. எங்கள் பாகப்பிரிவினைக்கு அதுவே சாட்சியாக நின்றது. அந்த வரிகள் இல்லாவிட்டால், நல்லெண்ணத்தோடே மாமியின் பங்கிலிருந்து பெருந்தொகையை நாங்கள் கழித்திருப்போம். அதில் 24-இல் 5 பங்கு என் வீட்டுக்கும் வந்திருக்கும்.

பெரியவர் ஒவ்வொரு தலையின் குறையையும் குறித்து, விற்றால் கைக்கு வரக்கூடிய தொகையை எழுதிக் கையொப்பமிட்டார். அனைவர் முன்னிலையிலும் வாசித்தேன். மூத்த மகளின் கணவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “மாமா எழுதியதற்கு மேல் நாம் என்ன சொல்ல?” என்றார். அத்தொகையை மாமியின் பங்கில் கழித்தோம். அது அவருக்குப் பாரமாக இருக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய நாணயமோ, கடிகாரமோ, அஞ்சல்தலையோ சேர்த்திருந்தால், அவர்கள் இருக்கும்போதே உடன் அமர்ந்து ஒவ்வொன்றின் வரலாற்றையும் குறையையும் எழுதிக்கொள்ளுங்கள். நகைக்கும் நிலத்துக்கும் விலை சொல்ல ஊரில் ஆள் உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. மதிப்பிடும் பொறுப்பு உங்களிடம் வந்தால், அதை ஒரு சாட்சியம் என்று கருதுங்கள். பங்கு உள்ளவர் பிறரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும்.

சென்ற வெள்ளியன்று மாமியைக் காணச் சென்றேன். பேரன் ஒருவனுக்கு இடுக்கியால் அந்த நீலத் தலையை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். வல்ல அல்லாஹ் என் மாமாவின் கப்ரை விசாலமாக்கி, அவருடைய வாய்மையை எங்கள் பிள்ளைகளுக்கும் வாரிசுப் பங்காகத் தந்தருள்வானாக. ஆமீன்.