தண்ணி பிடிக்கிற ஸ்டேஷன்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை 46 கிலோ மீட்டர். ஏறி முடிக்க மலை ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பஸ்ஸில் போனவர் அதற்குள் ஊட்டியில் இரண்டாவது காபியை முடித்திருப்பார். இருந்தும் டிக்கெட்டுக்கு அடிதடி! இறங்குகிறவர்களின் முகத்தைப் பாருங்கள்... பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற களை!

இயற்கைக் காட்சிதான் காரணம் என்பீர்கள். காட்சி பஸ்ஸிலும்தான் தெரிகிறது, ஸார். என் கட்சி வேறு.

அம்மாவுக்கு வயது எழுபத்து மூன்று. ரயில் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். நிறையப் பெண்கள் இப்படித்தான். கூட வருகிற ஆம்பிளைகள் (நான் உள்பட) கவனிப்பதில்லை.

கல்லாறில் வண்டி நின்றபோது, கொடியும் கையுமாக இருந்த பிரேக்ஸ்மேன் எட்டிப் பார்த்தார். "இனிமே கடகடன்னு சத்தம் வரும், பயப்படாதீங்கம்மா. தண்டவாளத்துக்கு நடுவுல பல்லுப் பட்டை இருக்கு. எஞ்சினோட பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டுப் பின்னாலேர்ந்து தள்ளும். குன்னூர் வரைக்கும் அப்படித்தான்."

"நடுவுல எங்கேப்பா நிக்கும்?"

"ஹில்குரோவ்ல. எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கணும். பாத்ரூம் இருக்கு, டீ, வடை கிடைக்கும். மெதுவா இறங்கி ஏறுங்க. விசில் அடிச்சிட்டுத்தான் கிளம்புவோம்."

அம்மா அப்போதே பாட்டிலைத் திறந்தாள்.

முன்பு ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் எங்களைப் பொட்டல் வெளியில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. ஏன் என்று சொல்ல நாதியில்லை. அந்த முக்கால் மணியை அம்மா இன்னும் திட்டிக் கொண்டிருக்கிறாள். மலை ரயிலின் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முணுமுணுப்பு கிடையாது!

12 அடிக்கு ஓர் அடி வீதம் உயர்கிற ஏற்றம். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அம்மாவுக்கு யுனெஸ்கோவெல்லாம் தெரியாது. கடகட சத்தம் ஆரம்பித்ததும், எதிர் ஸீட்டு வடநாட்டு அம்மாளுக்குத் தன் பல்லைத் தொட்டுக் காட்டித் தமிழிலேயே விளக்கினாள். அந்த அம்மாளும் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

ஹில்குரோவில் என் வடையைக் குரங்கு தட்டிக் கொண்டு போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா டீயை ஊதியபடி எஞ்சினைக் காட்டினாள்.

"அது குடிச்சு முடிக்கட்டும்டா. ஏன் பறக்கறே?"