வளைந்த கைப்பிடி

நாள்தோறும் ஒரே வழியில் செல்பவருக்கு அவருடைய வண்டி ஓர் உறுப்புப் போலவே ஆகிவிடுகிறது. அதன் கனமும் ஒலியும் விரைவும் அவர் கைகால்களுக்குப் பழகிப்போகின்றன. வண்டி மாறினால், பழகிய வழியும் புதிதாகிவிடும். தஞ்சையில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் இவ்வுண்மையை ஒரே நாளில் உணர்ந்தார்.

அவர் வீடு தஞ்சை மேலவீதியில் இருந்தது. பணியாற்றிய பள்ளியோ திருவையாற்றில் இருந்தது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்து ஆறுகளின் பாலங்களைக் கடந்து அவர் நாள்தோறும் மிதிவண்டியிலேயே சென்று வந்தார். அது அவர் தந்தையார் வாங்கிய வண்டி. எடை 20 கிலோவுக்குக் குறையாது. அதன் கைப்பிடி அகன்று, ஏறியிருப்பவரை நோக்கி வளைந்திருக்கும். நாற்காலியில் அமர்ந்தவர் போல நிமிர்ந்து, இருபுறமும் வயல்களைப் பார்த்துக்கொண்டே செல்லலாம். பின்னால் இருந்த கேரியரில் நெல்மூட்டையும் ஏறும், ஆளும் ஏறும்.

காலைப் பயணத்தில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஆடி மாதத்து மாலைகளே அவரை வருத்தின. தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துத் தெற்கு நோக்கி வரவேண்டும். நிமிர்ந்த உடல் விரித்த பாயைப் போலக் காற்றை ஏற்கும். மிதிவண்டி விரைந்து ஓடும்போது காற்றின் எதிர்ப்பில் பெரும்பகுதியைத் தாங்குவது வண்டியன்று. அதில் அமர்ந்திருப்பவரின் உடலே. விரைவு இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலால்தான் பந்தய வண்டிகளின் கைப்பிடி முன்னே நீண்டு, ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. குனிபவரைக் காற்று அவ்வளவாகத் தடுப்பதில்லை. இதனை அறிந்த ஆசிரியர், சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு அத்தகைய வண்டி ஒன்றைத் திருச்சிராப்பள்ளியில் வாங்கிவந்தார்.

புதிய வண்டியை அவர் ஒரு கையால் தூக்கினார். பழைய வண்டியின் எடையில் பாதியே அதற்கு இருந்தது. டயர்கள் பெருவிரல் அகலமே இருந்தன. கேரியர் இல்லை, நிறுத்தி வைக்கத் தாங்கி இல்லை, மணியும் இல்லை. காற்றடிக்கக் கடைக்குக் கொண்டு சென்றபோது கடைக்காரர் மெலிந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, என் பம்பின் வாய் இதற்குப் பொருந்தாதே! இதற்கென்று ஒரு பித்தளை மூடி வாங்கி வாருங்கள்” என்றார். வீட்டு வாயிலில் நின்ற அன்னையார், “உன் அப்பா தலை நிமிர்ந்து போனார், நீ ஏனப்பா கூன் விழுந்தவன் போலப் போகிறாய்?” என்று நகைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அதனை ஓட்டிப் பழகினார். முதலில் கைப்பிடி சிறிது அசைந்தாலும் வண்டி பெரிதும் திரும்பிற்று. அதில் கைகளை வைக்க மூன்று இடங்கள் இருந்தன. மேலே உள்ள நேர்க்கம்பியைப் பற்றினால் ஓரளவு நிமிரலாம். ஆனால் பிரேக்கு கைக்கு எட்டாது. முன்புறத்து முனைகளைப் பற்றினால் விரல்கள் பிரேக்கின் மேல் இருக்கும். கீழ் வளைவைப் பற்றினால் காற்றுக்கு நன்கு தப்பலாம். பிரேக்கையும் வலுவாகப் பிடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் கழுத்து நொந்தது, உள்ளங்கைகள் மரத்தன. முழங்கைகளைச் சிறிது மடக்கி, உடற்சுமையைக் கைகளின் மேல் ஏற்றாமல் இடுப்பால் தாங்கிக்கொண்டபோது நோவு குறைந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் புறப்பட்டார். காற்று பின்னிருந்து தள்ளியது. கீழ் வளைவைப் பற்றிக் குனிந்து மிதித்தார். வண்டி அம்பு போலப் பறந்தது. சக்கரத்தின் முன் விரைந்தோடி வந்த சாலையைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. வெண்ணாறு கடந்ததும் தெரியவில்லை. வெட்டாறு கடந்ததும் தெரியவில்லை. வழக்கத்தைவிட முன்னதாகவே பள்ளியை அடைந்தார். சிறுவனைப் போன்ற களிப்பு அவர் உள்ளத்தில் நிறைந்திருந்தது.

முதற்பாடம் பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் வாயிலில் வந்து நின்றான். “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று ஆசிரியர் சற்றுக் கடுமையாகவே வினவினார். “பால் ஊற்றிவிட்டு வர நேரமாகிவிட்டது, ஐயா” என்றான் அவன். அவனுடைய கால்களில் முழங்கால்வரை புழுதி படிந்திருந்தது. அதனைக் கண்டதும் ஆசிரியருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்டாற்றுப் பாலத்தருகே உள்ள புளியமரத்தடியில் அம்மாணவன் நாள்தோறும் காத்திருப்பான். வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் பேருந்து போய்விடும். ஆதலால் அங்கிருந்து ஆசிரியரின் கேரியரில் ஏறிக்கொள்வான். அன்றும் அவன் காத்திருந்தான். விரைந்து சென்ற வண்டியை அவன் கண்டிருப்பான். வண்டியில் இருந்தவர்தாம் அவனைக் காணவில்லை. எனினும், எல்லார் முன்னிலையிலும் கேட்கப்பட்ட அவ்வினாவுக்கு அவன் அவரைக் குறைகூறி விடையளிக்கவில்லை. ஆசிரியர் தலை குனிந்தார்.

அன்று மாலை காற்று எதிர்த்து வீசிற்று. வளைந்த கைப்பிடி தன் பயனை நன்கு காட்டியது. பழைய வண்டியில் மூச்சுத் திணறிய பாலங்களை அவர் எளிதாகக் கடந்தார். ஆயினும் காலையில் இருந்த களிப்பு இல்லை. புளியமரத்தடியில் இறங்கிச் சிறிது நேரம் நின்றார். வண்டி இலேசாக இருப்பதற்குக் காரணம் இப்பொழுது அவருக்குப் புலனாயிற்று. அதிலிருந்து நீக்கப்பட்டவற்றுள் ஒரு சிறுவனின் இருக்கையும் இருந்தது.

மறுநாள் அவர் தந்தையாரின் வண்டியிலேயே சென்றார். மாணவன் மரத்தடியில் இல்லை. குடமுருட்டிப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தான். “ஏறிக்கொள், தம்பி” என்றார். “புதிய வண்டி என்னவாயிற்று, ஐயா?” என்று அவன் கேட்டான். “அது நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் நேற்று உன்னைப் பார்க்காமல் போய்விட்டேன்” என்றார் அவர். அன்றே வகுப்பிலும் அதனைச் சொன்னார்.

பின்னர், விடுமுறை நாள்களில் ஆற்றங்கரையில் அவனுக்கு அப்பழைய வண்டியை ஓட்டக் கற்பித்தார். உயரம் போதாமையால் அவன் முதலில் குறுக்குக் கம்பியின் இடையே காலை நுழைத்துக் குரங்குப்பெடல் போட்டான்; சில வாரங்களில் இருக்கையில் அமர்ந்து ஓட்டினான். அதன்பின் அவ்வண்டி அவன் வீட்டிலேயே இருந்தது. பால் பாத்திரங்களுக்கும் அதன் கேரியர் உதவிற்று.

ஆசிரியர் தம் புதிய வண்டியிலேயே சென்று வந்தார். அதில் ஒரு மணியும் பூட்டிக்கொண்டார். வெட்டாறு வரையில் குனிந்து விரைவார். பாலம் நெருங்கியதும் கைகளை மேற்கம்பிக்கு மாற்றி நிமிர்ந்து பார்ப்பார். மணியொலி கேட்டதும் மரத்தடியிலிருந்து பழைய வண்டி புறப்படும். அங்கிருந்து இரண்டு வண்டிகளும் பழைய வண்டியின் விரைவிலேயே சென்றன.

விரைந்து செல்வதற்குக் குனிதல் வேண்டும். உடன் வருபவரைக் காண்பதற்கு நிமிர்தல் வேண்டும். வளைந்த கைப்பிடி இரண்டிற்குமே இடம் தருகிறது.